கழுத்துக்குள் ஒரு மணி

தயாரித்தவர்கள் அனுப்பிய தாளில்
ஆயுள் இருபத்தைந்து ஆண்டு என்று போட்டிருந்தது.
எதற்குள் இருபத்தைந்து ஆண்டு என்று
போடவில்லை.

அரிசியை விடக் கொஞ்சம் நீளம்.
கண்ணாடிக் கூடு. உள்ளே
மயிரிழைச் செம்புக் கம்பி சுற்றிச் சுற்றி
முதுகு தெரியாமல் போன ஃபெரைட் குச்சி,
ஓரத்தில் ஒரு பொட்டு சிலிக்கான்.
மின்கலம் கிடையாது.
கருவியை அருகில் கொண்டுபோய் யாராவது கேட்டால்
தன் எண்ணைச் சொல்லும்.
கேட்காத நாளெல்லாம் அது வெறும் கண்ணாடி.

வீட்டுக் குதிரைக்கு மணி கழுத்துக்கு வெளியே.
சேணம் ஏறாத தாகிக்கு
உள்ளே, பிடரிக்குக் கீழே, இடப்பக்கம்.

உலான்பாத்தரில் மூன்றாம் மாடியில்
நான் அவற்றை உடைக்கிறேன்.
அதற்குத்தான் சம்பளம்.
மைனஸ் நாற்பதில் ஓர் இரவு, காலையில் வெந்நீர்,
திரும்பவும் உறைபெட்டி,
இப்படி இருநூறு முறை.
பிறகு இரண்டு எஃகுத் தகடுகளுக்கு நடுவே வைத்துக்
கைப்பிடியைத் திருப்புவேன், முள் ஏறுவதைப் பார்த்தபடி.
உடைகிற சத்தம்
சோற்றில் கல் கடிபட்டது போல இருக்கும்.
எனக்குத்தான் பல் கூசும்.

மார்ச் கடைசியில் புரெவ்சுரென் ஒரு பொட்டலம் அனுப்பினார்.
புல்வெளிக் காவலர்; கையெழுத்து முட்கம்பி மாதிரி.
உள்ளே இரண்டு மாத்திரைக் குப்பி.

முதல் குப்பியில் உடைந்த துண்டுகள்.
ஹாத் என்ற ஆண்குதிரை; எங்கள் மொழியில் பாறை.
நான்கு ஆண்டாகப் பதிவேட்டில் 'காணவில்லை'.
மயக்க ஊசி போட்டுப் படுக்கவைத்து
கழுத்தெல்லாம் கருவியைத் தேய்த்தும் சத்தமில்லை.
மருத்துவர் நோமின்தாரி கீறிப் பார்த்தாள்.
என்றோ எவனோ விட்ட உதையில்
கண்ணாடி மூன்றாகப் போயிருந்தது.
சுற்றிலும் தசை ஒரு பை தைத்து வைத்திருந்தது,
சுத்தமாக, சீழ் இல்லாமல்.
பாறை எழுந்தது, தள்ளாடியது,
தான் காணாமல் போன செய்தி தெரியாமல்
மேயப் போனது.

இரண்டாவது குப்பியில் முழுசாக ஒன்று.
இதற்குத்தான் கடிதத்தில் இரண்டு பக்கம்.
சோய்ஜில் வீட்டுக் கூடாரத்தில் தேநீர் குடிக்கும்போது
அவருடைய நாய் கருவிப் பையை முகர வந்ததாம்.
அணைக்க மறந்த கருவி
கீச்சென்றது.
கடைசி நான்கு எண்: 7103.
பதினாறு வயதுப் பெட்டைக்குதிரை,
மூன்று குட்டிகளின் தாய்,
அடுப்போரம் வாலாட்டிக்கொண்டு நின்றது.
எல்லோரும் சிரித்தார்கள்.
சோய்ஜில் சிரிக்கவில்லை.
பனி இறுகிய பள்ளத்தில் அது விழுந்துகிடந்ததை
வாரத்துக்கு முன்பே பார்த்தவர் அவர்தான்.
சொன்னால் தன் நாயைக் குறை சொல்வார்களோ என்று
வாயைத் திறக்காமல் இருந்திருக்கிறார்.

நாயைக் கட்டிவைத்துக் காத்திருந்தார்கள்.
இரண்டாம் நாள் விடியலில் புரெவ்சுரென்
ஒரு குச்சியோடு குனிந்ததை
அவர் எழுதவில்லை, நான் ஊகித்தேன்.
மூன்று முறை கழுவியிருக்கிறேன் என்று மட்டும்
அடிக்கோடிட்டிருந்தார்.

நான் நான்காம் முறை கழுவினேன்.
கருவியை வைத்தேன்.
பதினைந்து இலக்கமும் தடுமாறாமல் வந்தது.

எங்கள் படிவத்தில் கட்டங்கள் உண்டு:
அழுத்தம், குளிர், அதிர்வு, அமிலம், இதர.
'இதர'வில் எழுதினேன்: நாய்.
மேலாளர் சிவப்பில் வட்டம் போட்டுத் திருப்பி அனுப்பினார்.
நாயின் குடல் என்று திருத்தினேன். ஏற்றுக்கொண்டார்.

விதிப்படி அதையும் உடைக்க வேண்டும்.
ஒரு நாள் தள்ளிப்போட்டேன், அவ்வளவுதான்.
புதிய சில்லுகளை விட
இரண்டு கிலோ கூடுதலாகத் தாங்கியது.
ஏனென்று தெரியாது.
ஒன்றை வைத்து எதையும் சொல்லக் கூடாது.
வேறு கதியில்லாமல் குறித்துவைத்தேன்.

ஹாத்துக்கு வலப்பக்கம் புதியது போட்டாயிற்று.
முதல் குப்பியை மேசையில் கொட்டி எண்ணினேன்,
சட்டைப் பையில் தேடினேன், திரும்ப எண்ணினேன்.
இரண்டு துண்டுதான் இருந்தது.
தொலைபேசியில் நோமின்தாரி கொட்டாவி விட்டபடி சொன்னாள்:
மூன்றாவது ஆழத்தில் இருந்தது, விட்டுவிட்டேன்.